குதிரை வம்சத்துக் கோழிக்குஞ்சு

பதவி உயர்வு வந்தால் மனுஷன் துள்ளிக் குதிப்பான். நோபிலா வாத்தியார் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். அங்கே நாற்காலி இல்லை என்பது தரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"என்னங்க ஆச்சு? யாராவது செத்துட்டாங்களா?" காராமணிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி ரோசாலி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"என்னைத் தலைமையாசிரியர் ஆக்கிட்டாங்க."

"அடேயப்பா! அதைத் தரையில உக்காந்துதான் சொல்லணுமா?"

"ரப்தெங்கா கிராமத்துல. இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ் கிடையாது. ஜனவரி ஆறாம் தேதி சேரணும். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சிருக்கணும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். முடியாதுன்னா பதவி சவாதோகோவுக்கு."

சவாதோகோ அடுத்த வகுப்பு வாத்தியார். பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறார். நடத்துகிறார் என்றா சொன்னேன்? தூங்குகிறார். மாணவர்கள் எழுப்பாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த மனுஷன் தலைமையாசிரியர் ஆவதை நினைத்தாலே நோபிலாவுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பதவி அவருக்கு வேண்டும். வெறியாக வேண்டும். ஆனால் வண்டி?

அவர்கள் இருக்கும் வாகாடூகூ நகரத்தில் பிறக்கிற குழந்தை முதலில் அம்மா முதுகில் வண்டியேறும், பிறகு தானே வண்டியேறும், நடப்பதெல்லாம் அப்புறம்தான். அங்கே பாதிரியார் வண்டியில் போவார். இமாம் வண்டியில் போவார். மூன்று ஆடு ஒரே வண்டியில் போகும். அப்பேர்ப்பட்ட ஊரில் நாற்பத்திரண்டு வயசு ஆண்பிள்ளை ஒருவர் ஹாண்டில்பாரைத் தொட்டதே இல்லை என்றால் யாராவது நம்புவார்களா?

காரணம் இதுதான். எட்டு வயசில் சித்தப்பா அவரை மொபெட்டில் முன்னால் உட்காரவைத்து ஒரு திருப்பத்தில் திரும்பினார். மொபெட் திரும்பியது, சித்தப்பா திரும்பினார், பையன் மட்டும் நேராகப் போய் ஒரு அம்மாள் தோலோ என்கிற சோளக்கள் காய்ச்சிவைத்திருந்த பெரிய பானைக்குள் தலைகீழாக விழுந்தான். கள் ஆறியிருந்தது, உயிர் பிழைத்தான். அன்றிலிருந்து மோட்டார் சத்தம் கேட்டாலே அவர் நாக்கில் கள் வாடை அடிக்கும்.

இதை மனைவியிடம் சொல்ல முடியுமா? கல்யாணம் ஆன முதல் வாரம் ரோசாலி, பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மோட்டார் சைக்கிளைத் துடைத்து நிறுத்தினாள். "நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றாள். நோபிலாவுக்கு வியர்த்துக் கொட்டியது. மூளை எங்கெங்கோ ஓடிக் கடைசியில் தன் குடும்பப் பெயரிலேயே போய் முட்டியது. வெத்ராவோகோ. மோசி மொழியில் ஆண்குதிரை என்று அர்த்தம்.

"ரோசாலி, நாங்க குதிரை வம்சம். எங்க மூதாதை அசல் குதிரை மேல ஏறி ராஜ்ஜியம் பிடிச்சவர். சைக்கிளுக்கே எங்க மொழியில என்ன பேரு? இரும்புக் குதிரை. அந்தக் குதிரையை எங்க ஆளுங்க ஓட்டினா மூதாதை கோவிச்சுக்குவார். வம்சத்துச் சபதம்."

"குடும்பப் பேரு குதிரை. உங்க சொந்தப் பேரு?"

நோபிலா என்றால் கோழிக்குஞ்சு. இது அவளுக்குத் தெரியாதா?

"கேலி பண்ணாதே. இது சாமி விஷயம்."

"பின்னாடி உக்காரலாமா? மூதாதை அதுக்கும் கோவிச்சுக்குவாரா?"

"அது... அது ஓட்டறதுல சேராது. அது சாமான் கணக்கு."

பதினைந்து வருஷமாக நோபிலா சாமான். தினமும் காலையில் ரோசாலி அவரைப் பின்னால் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, தன் காராமணிச் சோற்றுக் கடைக்குப் போவாள். சாமான் சும்மாவும் வராது. ஒரு தட்டு தோளில் தட்டினால் "மெதுவா". இரண்டு தட்டு, "நிறுத்து". மூன்று தட்டு, "நான் போறேன், பிள்ளைகளைப் பார்த்துக்கோ". அந்த ஊர்ச் செம்மண் புழுதி முழுக்க அவள் மூஞ்சியில் அப்பும். அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துவருகிற நோபிலாவின் சட்டை வெள்ளை வெளேரென்று இருக்கும். இறங்கும்போது, "உன் மூஞ்சியைப் பாரு, செங்கல் சூளையிலேர்ந்து வந்த மாதிரி!" என்று சிரிப்பார். ரோசாலி வெறுமனே துடைத்துக்கொள்வாள்.

இப்போது தரையிலிருந்து எழுந்த நோபிலாவை அவள் பார்த்தாள்.

"ரப்தெங்காவுக்கு நான் கொண்டுவிடறேன்."

"தலைமையாசிரியர் பெண்டாட்டி பின்னாடி உக்காந்து வந்தாருன்னு கிராமமே சிரிக்கும்!"

"அதுவும் சரி. அவ்வளவு தூரம் போனா என் கடையை யார் திறப்பா? அப்போ வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்க. மூதாதையை விடப் பதவியா பெரிசு?"

அவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நோபிலாவுக்கு அழுகை வந்தது. குளிக்கப் போகிறேன் என்று சொல்லிப் போய், தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சபதம் செய்தார். இது நிஜச் சபதம். மூன்று வாரத்தில் யாருக்கும் தெரியாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வேன். மூதாதையை அப்புறம் சமாளிப்பேன்.

மறுநாள் விடிந்ததும் மெக்கானிக் சேர்போவின் பட்டறையில் போய் நின்றார்.

"வாடா என் அடிமை! குதிரையா வந்திருக்கியா, கோழியா வந்திருக்கியா?"

"வாயை மூடுடா நாய்த்தலை தின்னி. ஒரு ரகசியம் சொல்லணும்."

பதறாதீர்கள், சண்டை இல்லை. சேர்போ சாமோக்காரன், நோபிலா மோசிக்காரர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் கேலி உறவு. எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மட்டும் உரிமை கிடையாது. இன்னொரு வழக்கமும் உண்டு. சாமோக்காரர் வாய்விட்டு ஒன்று கேட்டுவிட்டால் மோசிக்காரர் மறுக்கக் கூடாது. நம் ஊர் மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ரோசாலியும் சாமோக்காரிதான். இதை நோபிலா அந்த நேரத்தில் எப்படி மறந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடு. யார்கிட்டயும் மூச்சு விடாதே. முக்கியமா ரோசாலிகிட்ட."

"எங்கம்மா மேல சத்தியம்" என்றான் சேர்போ. அவன் அம்மா போய்ப் பத்து வருஷம் ஆயிற்று.

அடுத்த நாளே ஒரு புத்தம்புது நீல வண்டியைத் தள்ளிக்கொண்டு மாட்டுச்சந்தைப் பொட்டலுக்கு வந்தான். நோபிலாவுக்குத் திக்கென்றது. "இது யாரோடது? கீறல் விழுந்தா என்னடா பண்றது?"

"ஒரு வாடிக்கை. புது இன்ஜின், முதல் ஐநூறு கிலோமீட்டர் ரொம்ப மெதுவா ஓட்டிப் பழக்கணும்னு குடுத்திருக்காங்க. உன்னை விட மெதுவா ஓட்ட இந்த ஊர்ல ஆள் கிடையாது."

முதல் நாள் நோபிலா சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பிடிடா! பிடிடா! போகுதுடா!" என்று ஊரைக் கூட்டினார்.

"இன்ஜினையே இன்னும் கிளப்பலைடா!"

இரண்டாம் நாள் இன்ஜினைக் கிளப்பினார்கள். கிளட்சை மெதுவாக விடு என்றான் சேர்போ. நோபிலா எல்லாவற்றையும் விட்டார். வண்டி முன்னால் போய்விட்டது. இவர் அதே இடத்தில், கையை நீட்டி முழங்காலை மடக்கி, வண்டி ஓட்டுகிற மாதிரியே மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் ரோசாலி கேட்டாள். "விடிகாலையில எங்கே போறீங்க?"

"வாக்கிங். ரத்தக்கொதிப்புக்கு."

"நடக்கப் போனா முழங்கை ஏன் உரசியிருக்கு?"

"வேகமா நடந்தேன்."

ஒரு வாரம் போயிற்று. பயம் இம்மியும் குறையவில்லை. ஏறினால் வாயில் அந்தப் பழைய கள் வாடை. ஒருநாள் ஹாண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "என்னால முடியாதுடா சேர்போ. சவாதோகோவே போய் அங்கயும் தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சேர்போவுக்கே பாவமாகிவிட்டது. அடிமை கிடிமை எல்லாம் விட்டுவிட்டு, "வாத்தியாரே, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் உனக்கு எது வரும்?" என்று கேட்டான்.

"பதிமூணாம் வாய்ப்பாடு."

"அதைச் சத்தமா சொல்லிட்டே ஓட்டு. வாய்க்கு வேலை குடுத்தா பயம் வந்து உக்கார இடம் இருக்காது."

"ஓர் பதிமூணு பதிமூணு! ஈர் பதிமூணு இருபத்தாறு!" என்று அலறிக்கொண்டு வண்டி கிளம்பியது. கட்டிப்போட்டிருந்த மாடுகள் கயிற்றை அறுக்கப் பார்த்தன. ஏழு பதிமூணு தொண்ணூற்றொன்றில் பொட்டலின் மூலை வரும். மூலையில் திரும்ப வேண்டும். தொண்ணூற்றொன்று என்று சொல்லிக்கொண்டே மனுஷன் விழுவார். ஐந்து நாள் தொண்ணூற்றொன்றிலேயே விழுந்தார். ஆறாம் நாள் விழாமல் நூற்றுநான்கைப் பார்த்தார். சேர்போ தலையில் இருந்த தொப்பியைத் தூக்கி எறிந்து ஆடினான்.

பதினாறாம் நாள் காலை. விறகு ஏற்றிய கழுதை வண்டி ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. நோபிலா பிரேக்கைப் பிடித்தார், காலை ஊன்றினார், வண்டி கழுதையின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கழுதை அவரைப் பார்த்தது. அவர் கழுதையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்றைக்கு வாய்ப்பாடே சொல்லவில்லை! மறந்தே போயிருக்கிறார்! நாக்கில் கள் வாடையும் இல்லை. முப்பத்துநாலு வருஷத்துப் பயம் எப்போது இறங்கிப் போயிற்று என்றே தெரியவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, கழுதைக்காரர் பார்க்கப் பார்க்க, சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதார்.

இனி பாக்கி மூதாதை ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து நோபிலா மனசுக்குள் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ரோசாலி, அந்த ஊரில் பாக்குப் போல மெல்லும் கோலாக் கொட்டையில் பாதியை அவர் கையில் வைத்தாள். அவர் யோசனையிலேயே வாயில் போட்டு மென்றார்.

"ரோசாலி, ஒரு நல்ல சேதி. ஊர்லேர்ந்து பெரியப்பா ஆள் அனுப்பியிருந்தார். மூதாதை அவர் கனவுல வந்து, நோபிலா வண்டி ஓட்டட்டும், நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டாராம்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"வியாழக்கிழமை நான் உங்க ஊருக்குப் போயிருந்தேனே."

நோபிலா மெல்லுவதை நிறுத்தினார்.

"புருஷனுக்குப் பதவி போகுதேன்னு மனசு கேக்கலைங்க. பெரியப்பாவே பஸ் நிக்கிற இடத்துக்கு வந்து கூட்டிட்டுப் போனார்."

"எதுல?"

"மோட்டார் சைக்கிள்ல. எழுபத்தெட்டு வயசுல என்னா வேகம்! ஒரு கையில புகையிலைப் பொட்டலம், ஒரு கையாலதான் ஓட்டறார்."

நோபிலாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அவருக்கு... அவருக்கு வயசாயிடுச்சு. பெரியவங்களுக்கு விதிவிலக்கு உண்டு."

"இருக்கும், இருக்கும்." ரோசாலி பயபக்தியோடு தலையாட்டினாள். "நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். 'பெரியப்பா, சாமோக்காரி வாய்விட்டுக் கேக்கறேன். இந்தச் சபதத்துக்கு ஒரு வழி பண்ணிக்குடுங்க.' மோசிக்காரர் மறுக்க முடியுமா? உடனே வம்சத்துப் பெரியவங்க நாலு பேரைக் கூட்டிட்டார். சபதம்னா என்ன சபதம்னு ஒருத்தர் கேட்டார். பெரியப்பா அவர் காதுல ஏதோ சொன்னார். எல்லாரும் ரொம்ப நேரம் தோளைக் குலுக்கிக் குலுக்கி அழுதாங்க."

"அழுதாங்களா?"

"சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு. அப்புறம் தீர்ப்பு சொன்னாங்க. ஆண்குதிரை இரும்புக் குதிரையை ஓட்டலாம். ஆனா அதை இத்தனை நாள் சுமந்தாளே ஒருத்தி, அவளை அத்தனை வருஷம் அது சுமக்கணும். அவ சொன்ன நேரத்துக்கு. சொன்ன இடத்துக்கு. ஏன்னு கேக்கக் கூடாது. பதினஞ்சு வருஷம்."

"என்னது!"

"சம்மதம்னா கோலாவை மெல்லட்டும்னு பெரியப்பா குடுத்து அனுப்பினார்."

"எந்தக் கோலாவை?"

"உங்க வாயில இருக்கறதை."

அந்த ஊரில் பெரியவர் அனுப்பின கோலாவை மென்றால் கையெழுத்துப் போட்டதற்கு மேல். நோபிலா துள்ளி எழுந்தார். "பெரியப்பா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்! அப்படி ஒரு வழக்கமே எங்க வம்சத்துல..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இல்லையா?" ரோசாலி கண்ணை அகல விரித்தாள். "பதினஞ்சு வருஷமா நீங்கதானே சாமி விஷயம்னு சொன்னீங்க? வம்சத்துல அப்படியெல்லாம் எதுவும் கிடையாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. துப்பிடலாம்."

நோபிலா அவளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். விழுங்கினார்.

"நல்லது. வண்டி வாசல்ல நிக்குது, வந்து பாருங்க."

வாசலில் நின்றது அதே நீல வண்டி. தொண்ணூற்றொன்றில் ஐந்து தரம் விழுந்ததில் வளைந்த அதே கண்ணாடி. பக்கத்தில் சேர்போ, பல் முப்பத்திரண்டும் தெரிய.

"அடப்பாவி! அம்மா மேல சத்தியம் பண்ணினியேடா!"

"நான் எங்கேடா சொன்னேன்? அன்னைக்கு நீ போனதும் இவங்க வந்து, 'என் புருஷன் என்ன கேட்டார்?'னாங்க. நான் வாயைத் திறக்கலை. சிரிச்சேன். அவ்வளவுதான்."

"இதைக் கடனுக்கு வாங்கினேன், நேத்து என் பழைய வண்டியை வித்து அடைச்சுட்டேன்" என்றாள் ரோசாலி. "இனிமே வீட்டுக்கு ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர்."

திங்கட்கிழமை காலை. நோபிலா வெள்ளைச் சட்டையும் டையும் போட்டுக்கொண்டு வந்தார். ரோசாலி கைத்தறித் துணியில் தைத்த புது உடுப்பும், தலையில் அதே துணிக் கட்டும், தோளில் கைப்பையுமாக நின்றாள். கல்யாணத்தன்று கூட அப்படி உடுத்தியதில்லை.

"கடைக்கா இப்படிப் போறே?"

"இன்னைக்குக் கடைக்கு லீவு. புருஷன் தலைமையாசிரியர் நாற்காலியில உக்கார்றதை நான் பார்க்க வேணாமா? அந்தக் கடிதத்தைக் குடுங்க, பையில வெச்சுக்கறேன். உங்க சட்டைப்பையில இருந்தா அழுக்காயிடும்."

வண்டியைக் கிளப்புமுன் நோபிலா மெல்லக் கேட்டார். "உண்மையைச் சொல்லு. எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே. 'எம் புள்ளை தோலோப் பானையில விழுந்தவன், பார்த்துக்கோ'ன்னு உங்க அம்மா சொல்லித்தான் கட்டிவெச்சாங்க."

நோபிலாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. "அப்புறம் ஏன்டி பதினஞ்சு வருஷம் வாயைத் திறக்கலை?"

"பின்னாடி உக்காந்திருக்கற புருஷன் நம்ம கையை விட்டு எங்கேங்க போவான்? இப்ப நீங்க முன்னாடி போறீங்க. அதான் நான் பின்னாடி ஏறிட்டேன். கிளம்புங்க."

கிளம்பினார். அந்தத் தெருவே வாசலுக்கு வந்து கை தட்டியது. ஊரைத் தாண்டியதும் செம்மண் சாலை. எதிரே ஒரு லாரி, அப்புறம் இன்னொன்று, அப்புறம் மாட்டு மந்தை. தோளில் ஒரு தட்டு விழுந்தது. மெதுவாகப் போனார். இரண்டு தட்டு விழுந்தது, நிறுத்தினார். அவள் தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டாள். மறுபடி கிளம்பினார். இருந்தாலும் நோபிலாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. பயம் இல்லை! இருபத்திரண்டு கிலோமீட்டரும் பயம் இல்லை! நானே, என் கையால், என் வண்டியில், என் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று புழுதியைத் தின்றுகொண்டே சிரித்தார்.

ரப்தெங்கா பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நாலு வாத்தியார்கள், கிராமத்துப் பெரியவர்கள், ஒரு மேளக்காரர். வெத்ராவோகோ என்று ஒருவர் வருகிறார் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். வண்டி நின்றதும் மேளம் முழங்கியது. வயசான காவல்காரர் ஓடோடி வந்தார்.

நோபிலா சிரித்தபடி கையை நீட்டினார். தலைமுடி சிவப்பு, புருவம் சிவப்பு, சட்டை சிவப்பு, டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. செங்கல் சூளையிலிருந்து நேராக வந்த மாதிரி இருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தூசி படாமல் வந்த ரோசாலி, கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

காவல்காரர் நீட்டிய கையைத் தாண்டிப் போனார். ரோசாலிக்கு முன் குனிந்து கும்பிட்டார்.

"வாங்க, வாங்க, தலைமையாசிரியை அம்மா! பிள்ளைங்க விடியற்காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கு. ஏம்ப்பா டிரைவர், வழியில நிக்காதே! வண்டியைக் கொண்டுபோய் அந்த வேப்பமரத்தடியில போடு."

நோபிலா வாயைத் திறந்தார். புழுதிதான் வந்தது. இருமிக்கொண்டே, நீயாவது சொல்லேன் என்று மனைவியைப் பார்த்தார்.

ரோசாலி அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"கேட்டுச்சுல்ல? வேப்பமரத்தடி."